முகவரியும் கடையும்: நிறுவத்தக்க வலைத்தளத்தின் பக்கம் நின்று ஒரு மறுப்பு

ஒரு நிறுவனம் கைப்பேசி வழியே மக்களைச் சென்றடைய வேண்டுமானால் பிளே ஸ்டோரில் அதற்கெனத் தனிச் செயலி இருந்தாக வேண்டும் என்பதும், வலைத்தளம் மேசைக் கணினிக் காலத்தின் மிச்சம் என்பதும், அந்த வலைத்தளத்தையே கைப்பேசியில் செயலிபோல நிறுவிக்கொள்ளும் வசதி காசில்லாதவர்கள் செய்துகொள்ளும் ஒட்டுவேலை என்பதும் இன்று அரசு அலுவலகங்கள் முதல் ஊர் மண்டிகள் வரை கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்ட கருத்துகள். ஒரு துறை புதிய சேவையைத் தொடங்கினால் அதற்கென ஒரு செயலி வெளியீடும் உடன் வருகிறது. பள்ளியோ கூட்டுறவுச் சங்கமோ நகைக்கடையோ தன் வளர்ச்சியைக் காட்ட விரும்பினால் 'எங்களுக்கும் ஆப் இருக்கிறது' என்று விளம்பரப் பலகை வைக்கிறது. இக்கருத்து பழக்கத்தால் வலுப்பெற்றதே தவிர ஆராய்ந்து நிலைநாட்டப்பட்டதன்று என்பதும், மக்களுக்குச் செய்தி சொல்வதைக் கடமையாகக் கொண்ட அமைப்புகளைப் பொறுத்தவரை அது தவறானதே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இக்கருத்தை உரசிப் பார்க்கத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப்பெரியாற்று நீரில் விளையும் 14,707 ஏக்கர் இருபோக நெல், சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் நாராயணத்தேவன்பட்டியிலும் பந்தல்களில் ஆண்டு முழுவதும் அறுவடையாகி 2023இல் புவிசார் குறியீடும் பெற்ற பன்னீர் திராட்சை, சின்னமனூர் வாழை, மேற்கே மலையேறினால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் என்று இப்பள்ளத்தாக்கின் பிழைப்பு முழுவதும் நாள்தோறும் மாறும் சில எண்களை நம்பி நிற்கிறது. பெரியாறு அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, ஏலக்காய் கிலோ என்ன விலைக்குப் போனது, மண்டியில் பன்னீர் என்ன விலை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரு வரியில் அடங்கும். மூன்றையும் ஒரு நாளில் பலமுறை பார்ப்பவர்கள் உண்டு. மூன்றில் எதற்கும் கைப்பேசியின் கேமராவோ தொடர்பு எண்களின் பட்டியலோ தேவையில்லை. இந்த எளிய தேவைக்கு எந்த வடிவம் தகும் என்பதே இங்குள்ள கேள்வி.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செயலி என்று வழக்கமாகச் சொல்லப்படுவது ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகிய இரண்டு அமைப்புகளுக்கும் தனித்தனியே கட்டப்பட்டு, கூகிளின் பிளே ஸ்டோர், ஆப்பிளின் ஆப் ஸ்டோர் என்னும் இரண்டு கடைகளின் ஒப்புதலைப் பெற்று, அங்கிருந்து இறக்கி நிறுவப்படும் மென்பொருள். நிறுவத்தக்க வலைத்தளம் என்பது எந்தக் கடையையும் நாடாமல், தன் சொந்த முகவரியில் இருந்தபடியே, உலாவியின் பட்டியிலுள்ள ஒரு தெரிவைத் தொட்டதும் கைப்பேசியின் முகப்புத் திரையில் தன் பெயரோடும் சின்னத்தோடும் வந்து அமர்ந்துகொள்வது. அந்தச் சின்னத்தைத் தொட்டால் உலாவியின் முகவரிப் பட்டையும் பொத்தான்களும் இல்லாமல் தனிச் சாளரமாகவே திறப்பது. 2015இல் பிரான்சஸ் பெர்ரிமன் என்னும் வடிவமைப்பாளரும் அலெக்ஸ் ரஸ்ஸல் என்னும் பொறியாளரும் இதற்கு 'புரோகிரசிவ் வெப் ஆப்' என்று பெயரிட்டனர். இதற்கு வேண்டியவை மூன்றே: தளத்தின் பெயர், சின்னம், தொடக்கப் பக்கம், திறக்க வேண்டிய முறை ஆகியவற்றைக் கைப்பேசிக்கு அறிவிக்கும் 'மேனிஃபெஸ்ட்' என்ற சிறு கோப்பு, தளத்துக்கும் வலைப்பின்னலுக்கும் நடுவே காவலாள்போல நின்று, ஒருமுறை வந்த பக்கத்தைச் சேமித்து வைத்து, இணைப்பு இல்லாதபோது அதை எடுத்துக் கொடுக்கும் 'சர்வீஸ் ஒர்க்கர்' என்ற நிரல், இடையில் எவரும் மாற்ற முடியாதபடி தரவை மறையாக்கி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். இணைப்பு.

இவ்வடிவம் செயலியைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்யப்பட்ட நகல் என்ற எண்ணம் வரலாற்றோடு பொருந்தவில்லை. 2007 ஜூனில், முதல் ஐபோன் விற்பனைக்கு வரவிருந்த வேளையில், பிற நிரலாளர்கள் அக்கருவிக்கு மென்பொருள் எழுத விரும்பினால் சஃபாரி உலாவியில் இயங்கும் வலைச் செயலிகளாக எழுதலாம் என்றே ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். வலைப்பக்கத்தின் சின்னத்தை முகப்புத் திரையில் பதித்துக்கொள்ளும் வசதி 2008 ஜனவரியில் வந்தது. ஆப் ஸ்டோர் அதற்கு ஆறு மாதம் கழித்து, ஜூலையில், சுமார் 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. ஆகவே முகவரி முந்தியது, கடை பிந்தியது. இந்தியாவில் 2017இல் அறிமுகமாகிக் கோடிக்கணக்கில் விற்ற ஜியோபோனும் 'காய் ஓ.எஸ்.' என்னும் அமைப்பில் இயங்கியது. அதன் செயலிகள் வலைப்பக்கம் எழுதும் அதே மொழிகளில் எழுதப்பட்டவை. பொத்தான் போனை வைத்திருந்தவர்கள் தம்மையறியாமலேயே வலைச் செயலிகளைப் புழங்கிக்கொண்டிருந்தனர் என்பதை, வலை வழியே தரமான அனுபவம் தர முடியாது என்போர் கணக்கில் கொள்வதில்லை.

இனி ஏலக்காய்க்கு வருவோம். ஸ்பைசஸ் போர்டு என்று இவ்வட்டாரத்தில் வழங்கும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் கீழ், போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் சிறு ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கிறது. ஏலம் முடிந்ததும் தேதி, ஏலம் நடத்திய நிறுவனத்தின் பெயர், லாட்டுகளின் எண்ணிக்கை, வரத்து எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவை ஓர் அட்டவணையாக வாரியத்தின் வலைத்தளத்தில் வெளியாகின்றன. அதைப் பார்க்கக் கடவுச்சொல்லோ பதிவோ தேவையில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிய காய், 2022இல் சராசரியில் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் சந்தையில், கையிருப்பை இன்று விற்பதா, பத்து நாள் வைத்திருப்பதா என்று ஒரு சிறு தோட்டக்காரர் எடுக்கும் முடிவு அந்த அட்டவணையின் கடைசி இரண்டு கட்டங்களைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடும் இந்த எண்களை ஒரு செயலிக்குள் அடைப்பதால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்று கேட்டால், முகப்புத் திரையில் ஒரு சின்னம் என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை; அந்தச் சின்னத்தை வலைத்தளமே தர முடியும்.

அடைப்பதால் இழப்பவையோ பல. வலைப்பக்கத்துக்கு முகவரி உண்டு. முகவரி இருப்பதால் அதை வாட்ஸ்அப்பில் ஒருவர் மற்றவருக்கு அனுப்பலாம், பெற்றவர் தொட்ட கணமே வாரியத்தின் அட்டவணையைக் காணலாம். செயலிக்குள் இருக்கும் எண்ணை அனுப்ப வேண்டுமானால் திரையைப் படம்பிடித்து அனுப்புவதே பெரும்பாலும் வழி. அப்படத்தில் தேதி வெட்டுப்பட்டிருந்தாலோ, ஒரு வாரத்துக்கு முந்தைய விலை இன்றைய விலையாகச் சுற்றிவந்தாலோ பெறுபவருக்குத் தெரியாது. விலைச் செய்தியில் ஏமாறுவது விளைவித்தவருக்கு நேரடி நட்டம் என்பதால் இதைச் சிறு குறையாக ஒதுக்க முடியாது. தேடுபொறிகளும் வலைப்பக்கத்தைப் படிக்கின்றன. செயலியின் உள்ளிருப்பவை அவற்றின் கண்ணுக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. உழவர் சந்தையின் வாயிலில் அன்றன்றைய விலையை எழுதிவைக்கும் பலகையை, சந்தைக்குள் எதையும் வாங்காமல் சாலையில் போகிறவரும் நின்று படித்துவிட்டுப் போகலாம். பொது விலைப் பட்டியல் என்பதன் இயல்பே அப்படி இருப்பதுதான். 2018 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'உழவன்' செயலி பயனற்றது என்பது இங்கு வாதமன்று. மானியத்துக்குப் பதிவு செய்வதுபோன்ற, ஆளை அடையாளம் காண வேண்டிய வேலைகளுக்கு அதனால் நன்மையே. ஆனால் சந்தை விலை, வானிலை, உர இருப்பு போன்ற பொதுச் செய்திகள் ஒவ்வொன்றும் தனித்தனி முகவரியோடு, அனுப்பத்தக்கதாக, தேடத்தக்கதாக இருக்க வேண்டியவை. அவற்றுக்குச் செயலி முதன்மை வாயிலாக இருக்கக் கூடாது.

வணிகம் இந்த உண்மையைச் செலவழித்துக் கற்றுக்கொண்டது. 2015 மார்ச்சில் ஃபிளிப்கார்ட் தன் கைப்பேசி வலைத்தளத்தை மூடி, வந்தவர்களையெல்லாம் செயலியை நிறுவச் சொன்னது. அதன் துணை நிறுவனமான மிந்த்ரா அதே ஆண்டு மே மாதம் கணினித் தளத்தையும் மூடிச் செயலி மட்டுமே போதும் என்று அறிவித்தது. எதிர்காலம் முழுவதும் செயலிக்கே உரியது என்று அன்று நாடெங்கும் எழுதப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஃபிளிப்கார்ட் 'ஃபிளிப்கார்ட் லைட்' என்னும் நிறுவத்தக்க வலைத்தளத்தோடு வலைக்குத் திரும்பியது; மிந்த்ராவின் கணினித் தளம் 2016 ஜூனில் மீண்டும் திறந்தது. ஃபிளிப்கார்ட் லைட்டுக்கு வந்தவர்களில் 63 விழுக்காட்டினர் 2ஜி இணைப்பில் வந்தவர்கள் என்று பின்னர் வெளியான விவரம் சொல்கிறது. மூடப்பட்ட கதவுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பதை அந்த ஓர் எண் காட்டிவிடுகிறது. ஓலா நிறுவனமும் 2017இல் சிறு நகரங்களைக் கருதித் தன் சேவைக்கு நிறுவத்தக்க வலைத்தளம் அமைத்தது. முதல்முறை திறக்கும்போது அது இறக்கிய அளவு சுமார் 200 கிலோபைட். அதே நிறுவனத்தின் செயலியோ பல பத்து மெகாபைட். அதே ஆண்டில் வந்த 'ட்விட்டர் லைட்' கைப்பேசியில் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இடத்தையே எடுத்துக்கொண்டது. 2ஜி காலம் போய்விட்டது, இன்று டேட்டா மலிவு என்று பதில் சொல்லப்படலாம். டேட்டா மலிந்தது உண்மை. கைப்பேசியின் சேமிப்பிடம் அந்த அளவுக்கு மலியவில்லை. குறைந்த விலைக் கருவியில் பிள்ளைகளின் படங்களும் வாட்ஸ்அப் காணொளிகளும் நிறைந்து 'இடம் போதவில்லை' என்ற அறிவிப்பு வரும்போது, வாரத்துக்கொரு முறை பார்க்கும் செயலிதான் முதலில் நீக்கப்படுகிறது.

இணைப்பு அற்றுப்போனால் வலைத்தளமும் செத்துவிடும் என்பது அடுத்த எதிர்வாதம். பத்தாண்டுகளுக்கு முன் அது சரியாக இருந்தது. கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுச் சாலைகள் வழியாக அன்றாடம் ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குச் சென்று மாலையில் இறங்கும் தொழிலாளர்களும் கங்காணிகளும் தோட்டக்காரர்களும் ஒரே நாளில் இரண்டு மாநிலங்களின் கோபுரங்களை மாறிமாறிப் பிடிப்பவர்கள்; இரண்டும் எட்டாத சரிவுகள் மலையில் உண்டு. சர்வீஸ் ஒர்க்கர் என்ற மேற்சொன்ன நிரல் இப்படிப்பட்ட இடங்களுக்காகவே உருவானதுபோன்றது: காலையில் பள்ளத்தாக்கில் இருக்கும்போது ஒருமுறை திறந்த அட்டவணையை அது கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு, மலைமேல் இணைப்பின்றித் திறந்தாலும் காட்டும். இணைப்பில்லாதபோது புதிய விலையைக் காட்ட இயலாது என்பது மெய். செயலியாலும் அது இயலாது. வேறுபாடு இருப்பதாகக் கருதப்படும் இடத்தில் வேறுபாடே இல்லை என்பதை இவ்வளவு காலம் விளக்க வேண்டியிருப்பதே வருந்தத்தக்கது.

பாதுகாப்பு பற்றிய வாதம் இவற்றைவிடக் கனமானது. அதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். கடையில் இருப்பது சோதிக்கப்பட்டது, வலையில் இருப்பது யாரும் போடலாம், ஆகவே எளிய மக்களைக் கடைக்குள்ளேயே வைத்திருப்பதுதான் பொறுப்பான செயல் என்று அது சொல்கிறது. இதில் மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதாக, கடையின் சோதனை எவ்வளவு காத்தது என்பதற்குக் கடன் செயலிகளின் வரலாறே சான்று. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் மட்டும் 2,200க்கும் மேற்பட்ட மோசடிக் கடன் செயலிகளைக் கூகிள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நீக்கப்பட்டவை அத்தனையும் அதற்குமுன் கடைக்குள் நுழைந்திருந்தவை. அவற்றின் கொடுமை கடனின் வட்டியோடு நிற்கவில்லை. நிறுவும்போதே தொடர்பு எண்களின் பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறியவரின் உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவதூறு அனுப்பியதில்தான் அது உயிர்களைக் குடித்தது. உலாவிக்குள் இயங்கும் வலைத்தளத்தால் அந்தப் பட்டியலை அப்படி மொத்தமாக அள்ள முடியாது. பயனர் தாமே தேர்ந்து கொடுக்கும் எண்ணைத்தான், அதுவும் சில கருவிகளில் மட்டுமே, அது பெற முடியும். இருப்பிடம் அறிய வேண்டுமானாலும் அந்த நேரத்தில் கேட்டே பெற வேண்டும். எளிய மக்களைக் காப்பதே நோக்கமென்றால், குறைந்த அதிகாரம் உள்ள வடிவத்தை அவர்களுக்குக் கொடுப்பதே நேர்மையான வழி.

இரண்டாவதாக, 'எதற்கும் செயலி வேண்டும்' என்ற பழக்கமே மோசடிக்காரர்களுக்கு வாசல் திறந்திருக்கிறது. பி.எம். கிசான் தவணை, போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளை, அதாவது கடையைத் தாண்டி நேரடியாக நிறுவப்படும் ஆண்ட்ராய்டு செயலிப் பொதிகளை, நிறுவி வங்கிப் பணத்தை இழந்தவர்கள் நாடெங்கும் உள்ளனர். காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுகள் இதுகுறித்துத் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகின்றன. அரசின் ஒவ்வொரு சேவையும் ஒரு செயலியாகவே வரும் என்று மக்களுக்குப் பயிற்றுவித்த பின், அரசின் பெயரில் வரும் செயலியை நிறுவாதே என்று சொல்வது அவர்களைக் குழப்பும். மூன்றாவதாக, நிறுவத்தக்க வலைத்தளமும் மோசடிக்கு அப்பாற்பட்டதன்று. செக் நாட்டு வங்கி ஒன்றின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்து, வங்கியின் செயலிபோலத் தோன்றும் போலி வலைத்தளங்களை முகப்புத் திரையில் நிறுவச் செய்த மோசடியை ஈசெட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2024இல் வெளிப்படுத்தியது; தனிச் சாளரத்தில் முகவரிப் பட்டை மறைந்துவிடுவது அம்மோசடிக்குத் துணைபோயிற்று. இந்த ஆபத்தை மறைப்பது வாதத்துக்கு அழகன்று. ஆயினும் அதற்குரிய மருந்து முகவரிக் கல்வியில் இருக்கிறது: அரசுக்கு மட்டுமே வழங்கப்படும் '.ஜிஓவி.இன்', '.என்ஐசி.இன்' என்ற முடிவுகளை, தேனி மாவட்ட நிர்வாகத்தின் தளம் அப்படியொரு முகவரியில் இருப்பதுபோல, மக்கள் பார்த்துப் பழக வேண்டும். நிறுவுவதற்குமுன் முகவரியைப் படித்துவிட வேண்டும். கடையில் செயலியின் பெயரையும் சின்னத்தையும் போலி செய்யலாம். அரசு முகவரியின் முடிவை எவரும் போலியாகப் பதிவு செய்துகொள்ள முடியாது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தொடாத கேள்வி உடைமை பற்றியது. கடையில் இருக்கும் செயலி, அதை உருவாக்கியவரின் இடத்தில் இல்லை. வாடகை இடத்தில் இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமனி.காம் நிறுவனத்துக்கு இது 2024 மார்ச் 1 அன்று கண்முன் நிகழ்ந்தது. கடைக் கட்டணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்ததைத் தொடர்ந்து, அந்நிறுவனத்தின் பாரத் மேட்ரிமனி உள்ளிட்ட செயலிகளையும், நௌக்ரி, ஷாதி போன்ற பிற இந்தியச் செயலிகளையும் கூகிள் பிளே ஸ்டோரிலிருந்து அகற்றியது. மத்திய அரசு தலையிட்ட பின் சில நாள்களில் அவை மீண்டன. இதே கட்டண முறைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகிளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்தது. யார் பக்கம் சட்டம் இருந்தது என்பது வேறு விவகாரம். இங்குக் கவனிக்க வேண்டியது, செயலிகள் மறைந்திருந்த அந்த நாள்களிலும் அதே நிறுவனங்களின் வலைத்தளங்கள் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தன என்பது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்துக்கு அமைச்சரிடம் முறையிட வழி இருந்தது. கம்பத்துத் திராட்சை உற்பத்தியாளர் குழு ஒன்றின் செயலி ஏதோ ஒரு விதிமீறல் குறிப்போடு அகற்றப்பட்டால், அக்குழு யாரிடம் போய் முறையிடும்?

அகற்றப்படாவிட்டாலும் வாடகை ஓயாது. ஆப்பிள் ஆண்டுக்கு 99 டாலர் கேட்கிறது. கூகிள் ஒருமுறை 25 டாலரோடு விட்டுவிடுகிறது என்றாலும், புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குவோர் 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டிய பிறகே செயலியை வெளியிட முடியும். ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளுக்கேற்பச் செயலியை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் புதுப் பயனர்களின் கண்ணுக்கு அது தென்படாமல் போகும். முதலாண்டில் ஆர்வத்தோடு ஆள்வைத்துச் செய்யப்பட்ட ஊர்ச் செயலிகள் மூன்றாம் ஆண்டில் திறக்கவே திறக்காமல் கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒரு வலைப்பக்கம், முகவரிக்கான ஆண்டுக் கட்டணமும் இடத்துக்கான கட்டணமும் கட்டப்படும் வரை, பத்தாண்டுக்குமுன் எழுதியபடியே இன்றும் திறக்கும்.

நிறுவத்தக்க வலைத்தளத்தில் குறைகளே இல்லை என்று இங்குச் சொல்லப்படவில்லை. ஆனால் அக்குறைகளில் எவை அதன் இயல்பால் வந்தவை, எவை கடை வைத்திருப்போரால் நீட்டிக்கப்பட்டவை என்று பிரித்தறிய வேண்டும். ஐபோனில் முகப்புத் திரையில் நிறுவிய வலைத்தளம் அறிவிப்பு அனுப்ப முடியாது என்பது நெடுங்காலம் அதன் பெருங்குறையாகச் சொல்லப்பட்டது. ஆண்ட்ராய்டில் 2015 முதலே இருந்த அந்த வசதியை ஆப்பிள் 2023 மார்ச்சில்தான் அனுமதித்தது. தொழில்நுட்பம் எட்டாண்டு பிந்தியிருக்கவில்லை, அனுமதி பிந்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சந்தைச் சட்டத்தைக் காரணம் காட்டி, அந்நாடுகளின் ஐபோன்களில் முகப்புத் திரை வலைச் செயலிகள் தனிச் சாளரத்தில் இயங்குவதையே நிறுத்தப்போவதாக 2024 பிப்ரவரியில் ஆப்பிள் உறுதிப்படுத்தியது. எதிர்ப்பு வலுக்கவே, மார்ச் 1 அன்று அம்முடிவைக் கைவிட்டது. சென்னை நிறுவனத்தின் செயலி கடையிலிருந்து அகன்றதும் அதே நாள் என்பது தற்செயலாயினும், இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் நிலை முழுவதும் சுதந்திரமானதன்று. குரோம் வழியே ஒரு தளத்தை நிறுவும்போது அதைச் சிறு பொதியாக மாற்றித் தருவது கூகிளின் வழங்கியே. இருந்தும் அங்கே ஒப்புதல், கட்டணம், நீக்கம் என்ற மூன்றும் இல்லாமையால், அந்தப் பிடி கடையின் பிடியைவிடப் பெரிதும் தளர்ந்தது.

இயல்பால் வந்த எல்லைகளும் உண்டு. அவற்றை ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை. யு.பி.ஐ. பணப்பரிமாற்றச் செயலி, கைப்பேசியிலுள்ள சிம் அட்டையிலிருந்து தானே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, இந்த எண்ணும் இந்தக் கருவியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்று வங்கிக்கு உறுதி சொல்கிறது. வலைத்தளத்தால் அது முடியாது, முடியாமல் இருப்பதே நல்லது. திரை அணைந்த பின்னும் வண்டியின் இருப்பிடத்தைத் தொடர்வது, கனமான விளையாட்டுகள் ஆகியவையும் செயலிக்கே உரியன. எனினும் பணம் பெற வேண்டிய மண்டிக்காரர் தாமே செயலி வைத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய வலைப்பக்கத்திலுள்ள யு.பி.ஐ. இணைப்பைத் தொட்டால், வாங்குபவரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள பணச் செயலி, தொகையும் பெயரும் நிரப்பப்பட்டுத் திறந்துகொள்ளும். செயலி தேவைப்படும் இடத்தில் நான்கைந்து நல்ல செயலிகள் இருந்தால் போதும். ஊருக்கு நூறு வேண்டியதில்லை.

எஞ்சுவது பழக்கம் பற்றிய வாதம். மக்களுக்குப் பிளே ஸ்டோரில் தேடத்தான் தெரியும், உலாவியின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு முகப்புத் திரையில் சேர்க்கும் தெரிவைக் கண்டுபிடிக்கத் தெரியாது என்பது அது. மறுப்பதற்கு மிகக் கடினமானது இதுவே. ஏனெனில் அது இன்றைய நிலையில் பெருமளவு உண்மை. ஐபோனில் இன்னும் கடினம்: பகிர்வதற்கான பொத்தானுக்குள் அத்தெரிவு ஒளிந்திருக்கிறது. ஆனால் யு.பி.ஐ. வருமுன் கட்டம் கட்டமான குறியீட்டுப் படத்தைக் கேமராவில் காட்டிப் பணம் கொடுக்கவும் இப்பள்ளத்தாக்கில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்று கம்பம் பேருந்து நிலையத்துக்கு வெளியே இளநீர் வண்டியிலும் அந்த அட்டை தொங்குகிறது. கற்றுக்கொடுக்க வங்கிகளும் நிறுவனங்களும் முனைந்தன, மக்கள் கற்றுக்கொண்டனர். தெரியாமையைக் காரணம் காட்டிக் கற்றுக்கொடுக்காமலே விடுவதும், பிறகு அத்தெரியாமையையே வாதமாக்குவதும் அம்மக்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். விலை கேட்டு, வரத்து கேட்டு, மழை கேட்டு, காயை எந்த நாள் மலையிலிருந்து இறக்குவது என்று முடிவெடுக்கும் ஒருவருக்கு, இரண்டு முறை திரையைத் தொட்டு ஒரு சின்னத்தைப் பதித்துக்கொள்வது எட்டாத வித்தையன்று.

ஏலக்காய் விலை அட்டவணையை இவ்வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டிய வேலை மிகச் சிறிது. பக்கம் ஏற்கெனவே இருக்கிறது, எண்கள் நாள்தோறும் வருகின்றன. பத்துப் பதினைந்து வரியில் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பு, இரண்டு அளவுகளில் வரைந்த ஒரு சின்னம், கடைசியாகப் பார்த்த அட்டவணையைச் சேமித்து வைக்கும் சிறு நிரல், தமிழிலும் மலையாளத்திலும் தலைப்புகள், போடி ஏலக்கூடத்தின் வாசலிலும் கமிஷன் கடைகளிலும் ஒட்டிவைக்க அம்முகவரியின் குறியீட்டுப் படம் ஆகியவற்றோடு தேவை முடிகிறது. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: சேமிப்பிலிருந்து காட்டப்படும் விலையின் மேல் அது எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பெறப்பட்டது என்பது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், மாலையில் கம்பம்மெட்டுச் சாலையின் வளைவுகளில் ஜீப் இறங்கும்போது சிக்னல் அற்றுப்போனாலும், கையிலுள்ள திரையில் நிற்பது காலையில் பார்த்த விலைதான் என்பது பார்ப்பவருக்கு ஐயமின்றித் தெரியும்.